முதல் பல்லுக்கு முந்தைய நாட்கள்

குழந்தைக்கு நான்காவது மாதம் நடக்கும்போதே வீட்டில் யாராவது ஒருவர் "பல் முளைக்கப் போகிறது போலிருக்கிறது" என்று சொல்லிவிடுகிறார்கள். எச்சில் வடிந்தால் பல், கையைக் கடித்தால் பல், இரவில் சிணுங்கினால் பல், காது மடலைப் பிடித்து இழுத்தால் பல், உடம்பு கொதித்தாலும் வயிறு போனாலும்கூடப் பல் என்று, முதல் இரண்டு ஆண்டுகளில் குழந்தைக்கு நேரும் அத்தனைக்கும் இந்த ஒரே காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். என் மகளுக்குப் பல் வரத் தொடங்கிய காலத்தில் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். குழந்தைநல மருத்துவரிடமும் பல் மருத்துவரிடமும் கேட்டேன். அவள் வாயையும் நாள் தவறாமல் பார்த்துவந்தேன். பல் முளைப்பதன் உண்மையான அறிகுறிகள் சிறியவை, வாயையும் அதை ஒட்டிய இடங்களையும் விட்டு அதிகம் விலகாதவை, ஒரு பல்லுக்குச் சில நாட்களே நீடிப்பவை. இந்த அளவை மனத்தில் வைத்துக்கொண்டால், எதைப் பல்லின் கணக்கில் சேர்க்கலாம், எதற்கு வேறு காரணம் தேட வேண்டும் என்பதைப் பெற்றோரே பெருமளவு பிரித்தறிய முடியும். கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்ற விருப்பத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பல் என்பது முளைக்கும் நாளில் உருவாகும் பொருள் இல்லை. கருவின் ஏறக்குறைய ஆறாவது வாரத்திலேயே தாடையின் ஓரமாகப் பல்லுக்கான திசு தடிக்கத் தொடங்குகிறது. நான்காவது மாத அளவில் பால் பற்களில் சுண்ணாம்புச் சத்து படியத் தொடங்குகிறது. பிறந்த குழந்தை பொக்கை வாயுடன் கொட்டாவி விடும்போது, அந்த ஈறுகளுக்கு அடியில் 20 பால் பற்களின் தலைப்பகுதிகளும் வெவ்வேறு அளவுக்கு உருவான நிலையில் காத்திருக்கின்றன. ஆறு வயதை ஒட்டி வரவிருக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல்லில்கூடப் பிறப்பை ஒட்டிய காலத்திலேயே சுண்ணாம்பு படியத் தொடங்கிவிடுகிறது. ஆகவே நாம் பல் முளைத்தல் என்று சொல்வது, மாதக்கணக்கில் நடந்துவரும் ஒரு வேலையின் கடைசிக் கட்டத்தை மட்டுமே.

அந்தக் கடைசிக் கட்டமும் பலர் நினைப்பதைப் போல நடப்பதில்லை. பல் கீழிருந்து முட்டி, ஈறைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். உண்மையில், வளரும் பல்லைச் சுற்றி மெல்லிய பை போன்ற ஒரு திசு இருக்கிறது. அந்தப் பைதான் மேலே உள்ள எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களை வரவழைத்துப் பல்லுக்கு வழி திறந்துவிடுகிறது. சாண்டி மார்க்ஸ், டொனால்ட் கேஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1980-களில் நாய்களிடம் நடத்திய சோதனைகள் இதைத் தெளிவாகக் காட்டின. பையை அகற்றியபோது பல் வெளியே வரவே இல்லை. பையை அப்படியே விட்டுவிட்டு, உள்ளே இருந்த பல்லை எடுத்து, அதே வடிவில் உலோகத்தால் செய்த ஒன்றை வைத்தபோது அந்த உயிரற்ற உலோகமும் மேலே வந்தது. ஈறின் மேற்பரப்பை அடையும்போது, பல்லை மூடியிருக்கும் திசுவும் ஈறின் தோலும் ஒன்றாக இணைந்து, நடுவிலுள்ள உயிரணுக்கள் தாமாகவே அழிந்து வழி திறக்கின்றன. பெரும்பாலான பற்கள் ஒரு துளி ரத்தம்கூட இல்லாமல் வெளியே வருவதற்கு இதுவே காரணம். அந்த இடத்தில் சிறிது வீக்கமும் உறுத்தலும் இருக்கத்தான் செய்யும். ஆனால் உடம்பு முழுவதையும் படுக்கவைக்கும் அளவுக்கு அங்கே எதுவும் நடப்பதில்லை.

முதல் குழப்பம் எச்சிலில் தொடங்குகிறது. இரண்டு, மூன்று மாத அளவில் குழந்தையின் உமிழ்நீர்ச் சுரப்பிகள் சுறுசுறுப்படைகின்றன. சுரக்கும் எச்சிலை உடனுக்குடன் விழுங்கும் திறமை இன்னும் கைவந்திருக்காது. அதை உள்ளே தடுத்து நிறுத்த முன்னால் பற்களும் இல்லை. எனவே அது உதட்டோரம் வழிந்து, தாடையை நனைத்து, சட்டையின் மார்புப் பகுதியை ஈரமாக்கிவிடுகிறது. இதே வயதில்தான் குழந்தை தன் கைகளைக் கண்டுபிடிக்கிறது. விரல்களையும், முஷ்டியையும், கையில் சிக்கும் எதையும் வாய்க்குள் கொண்டுபோகிறது. உலகத்தை அறிந்துகொள்ள அந்த வயதில் அதற்கு இருக்கும் மிகக் கூர்மையான கருவி வாய்தான். இவை இரண்டும் வளர்ச்சியின் இயல்பான படிகள். முதல் பல் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறாவது மாதத்தை ஒட்டி வருகிறது. நான்காவது மாதத்தில் வருவதும், ஓராண்டு நிறையும்வரை வராமல் இருப்பதும் இயல்பின் எல்லைக்குள்தான் அடங்கும். மூன்றாவது மாதத்தில் வழியத் தொடங்கும் எச்சிலுக்கும் எட்டாவது மாதத்தில் எட்டிப் பார்க்கும் பல்லுக்கும் இடையே ஐந்து மாத இடைவெளி இருக்கலாம். அந்த ஐந்து மாதமும் பல் முளைத்துக்கொண்டே இருக்கிறது என்று எண்ணினால், அந்தக் காலத்தில் வரும் ஒவ்வொரு தொல்லையும் தவறான பெயரில் பதிவாகிவிடும்.

பல் நிஜமாகவே நெருங்குகிறது என்பதை ஈறு சொல்லும் அளவுக்கு வேறெதுவும் சொல்வதில்லை. நல்ல பகல் வெளிச்சத்தில், குழந்தையை மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நகம் வெட்டிய சுட்டுவிரலால் கீழ் உதட்டை மெல்லக் கீழே இழுத்துப் பார்க்க வேண்டும். முதலில் வருபவை பெரும்பாலும் கீழ்த்தாடையின் நடுவிலுள்ள இரண்டு முன்பற்கள் என்பதால் அங்கிருந்து பார்க்கத் தொடங்குவது நல்லது. எதுவும் நடக்காத ஈறு வெளிர் ரோஜா நிறத்தில், ஓரம் மெலிந்து, வரப்பைப் போல இருக்கும். பல் நெருங்கும்போது அந்த மெலிந்த ஓரம் பக்கவாட்டில் அகன்று, மழுங்கி, மேற்பரப்பு பளபளக்கத் தொடங்குகிறது. என் மகளுக்குக் கீழ் ஈறின் இடப்பக்கத்தில் முதலில் தெரிந்தது இந்த அகலம்தான். நிறம் அப்போது மாறியிருக்கவில்லை. பிறகு அந்த இடம் மட்டும் சற்றுச் சிவந்தது. சிவப்புக்கு நடுவே, ஈறின் தோலுக்கு அடியில், நீளவாக்கில் ஒரு வெளிறிய கோடு தெரிந்தது. விரலை வைத்தால் சுற்றியுள்ள இடம் மெத்தென்று அமுங்க, அந்த இடம் மட்டும் அமுங்காமல் கெட்டியாக நின்றது. அதற்குப் பிறகு ஒரு நாள் கரண்டியால் தண்ணீர் புகட்டும்போது மெல்லிய 'டிக்' ஓசை கேட்டது. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அந்தக் கூரான ஓரத்தை விரல் நுனி உணர்ந்துவிட்டது.

ஈறில் காணும் வெள்ளை எல்லாம் பல் ஆகிவிடாது. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையின் ஈறிலோ மேல் அண்ணத்திலோ கடுகளவில் வெள்ளை, மஞ்சள் நிறப் புடைப்புகள் இருக்கலாம். இவை தோலில் உள்ள ஒருவகைப் புரதம் அடைபட்ட சிறு கட்டிகள், எந்தச் சிகிச்சையும் இல்லாமல் சில வாரங்களிலோ மாதங்களிலோ மறைந்துவிடும். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர் படிந்ததுபோல் வெள்ளைத் திட்டுகள் இருந்து, துடைத்தால் எளிதில் போகாமல் இருந்தால், அது பூஞ்சைத் தொற்றாக இருக்கக்கூடும். மருத்துவரிடம் காட்ட வேண்டியது. வெள்ளையைப் போலவே நீலமும் பெற்றோரைக் கலங்கடிக்கும். பல் வரும் இடத்தில் சில குழந்தைகளுக்கு நீலமும் ஊதாவும் கலந்த சிறு கொப்புளம் தோன்றுகிறது; பல்லைச் சுற்றிய பைக்குள் நீரோ சிறிது ரத்தமோ தேங்குவதால் ஏற்படுவது இது. பார்ப்பதற்குப் பயமாக இருந்தாலும், பல் வெளியே வரும்போது தானாகவே உடைந்து சரியாகிவிடும். அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது.

ஈறைத் தாண்டிய அறிகுறிகள் எவ்வளவு நம்பத்தக்கவை என்ற கேள்விக்கு, 2000-ஆம் ஆண்டு 'பீடியாட்ரிக்ஸ்' என்ற குழந்தைநல மருத்துவ இதழில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு நல்ல பதில் தருகிறது. கிளீவ்லாந்து கிளினிக்கைச் சேர்ந்த மைக்கேல் மேக்னின் குழுவினர் 125 குழந்தைகளின் பெற்றோரைக்கொண்டு, ஒவ்வொரு நாளும் குழந்தையின் வெப்பநிலையையும் அறிகுறிகளையும் குறித்துவைக்கச் செய்தார்கள். அந்தக் காலத்தில் 475 பற்கள் முளைத்தன. அன்றன்றைக்கே எழுதிவைத்ததுதான் இந்த ஆய்வின் பலம், ஏனென்றால் பல் வெளியே வந்த பிறகு நினைவிலிருந்து சொல்லும்போது முந்தைய வாரத்துத் தொல்லை எல்லாம் பல்லோடு ஒட்டிக்கொண்டுவிடும். பல் வெளியே வருவதற்கு நான்கு நாள் முன்பிருந்து, வந்த நாளும் சேர்த்து, அதற்குப் பின் மூன்று நாள்வரை, ஆக மொத்தம் எட்டு நாட்களில் சில அறிகுறிகள் மற்ற நாட்களைவிடக் கூடுதலாக இருந்தன: கடித்தல், எச்சில் வடிதல், ஈறைத் தேய்த்தல், சப்புதல், எரிச்சல், விழித்துக்கொண்டிருத்தல், காதைத் தேய்த்தல், முகத்தில் தடிப்பு, திட உணவில் நாட்டம் குறைதல், உடல் வெப்பம் சிறிதளவு உயர்தல். மூக்கடைப்பு, இருமல், வாந்தி, பேதி, முகம் தவிர வேறிடத்துத் தடிப்பு, 38.9 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட காய்ச்சல் ஆகியவற்றுக்கும் பல்லுக்கும் தொடர்பு காணப்படவில்லை.

அந்த ஆய்வில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது வேறொரு செய்தி. மேற்சொன்ன அறிகுறிகளில் எந்த ஒன்றும், பல் முளைத்துக்கொண்டிருந்த குழந்தைகளில் 35 விழுக்காட்டுக்கு மேல் காணப்படவில்லை. அதாவது, பல குழந்தைகளுக்குப் பல் எந்த ஆரவாரமும் இல்லாமல் வந்துவிடுகிறது. அறிகுறிகளை மட்டும் வைத்துப் பல் வரும் நாளை முன்கூட்டிச் சொல்லவும் முடிவதில்லை. அதே இதழில் 2016-இல், பிரேசிலைச் சேர்ந்த ஆய்வாளர்கள் முந்தைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்துப் பார்த்தபோதும், ஈறு உறுத்தல், எரிச்சல், எச்சில் ஆகிய மூன்றுமே மிகுதியாகக் காணப்பட்டவை என்றும், வெப்பநிலை சிறிது உயர்ந்தாலும் அது காய்ச்சல் என்று சொல்லும் அளவுக்கு இல்லை என்றும் தெரிந்தது. இரண்டின் முடிவும் ஏறக்குறைய ஒன்றே.

அப்படியானால் ஆறாவது மாதத்துக்குப் பிறகு ஏன் இத்தனை குழந்தைகள் பல்லோடு காய்ச்சலும் பேதியும் காண்கிறார்கள்? காலம் ஒத்துப்போவதுதான் காரணம். கருவில் இருக்கும்போது தாயிடமிருந்து வந்த நோய் எதிர்ப்புப் பொருட்கள் பிறந்த முதல் ஆறு மாதங்களில் படிப்படியாகக் குறைந்துவிடுகின்றன. குழந்தையின் சொந்த எதிர்ப்பாற்றல் இன்னும் பயிற்சியில்தான் இருக்கிறது. அதே நேரத்தில் குழந்தை குப்புற விழுந்து, தவழ்ந்து, தரையில் கிடப்பதை எல்லாம் எடுத்து வாயில் வைக்கிறது. பிற உணவும் தொடங்குகிறது. சளியும் வயிற்றுத் தொற்றும் அடுத்தடுத்து வரும் பருவமும், 20 பற்களும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் பருவமும் ஒன்றாக இருப்பதால், எந்தக் காய்ச்சல் வந்தாலும் அருகில் ஒரு பல் இருக்கத்தான் செய்யும்.

என் சித்தி மகளின் குழந்தைக்கு ஏழாவது மாதத்தில் காய்ச்சல் கண்டது. "அக்கா, கீழே பல் தெரிகிறது, அதனால்தான் சூடு, இரண்டு நாளில் போய்விடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள்" என்று தொலைபேசியில் சொன்னாள். தெர்மாமீட்டரில் எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டேன். 39 டிகிரியைத் தாண்டியிருந்தது. இருமல் இல்லை, மூக்கு ஒழுகவில்லை, பால் குடிப்பது பாதியாகக் குறைந்திருந்தது. அன்று மாலையே மருத்துவரிடம் கொண்டுபோனாள். சிறுநீரைச் சோதித்ததில் சிறுநீர்ப் பாதைத் தொற்று என்று தெரிந்தது. மருந்து தொடங்கியதும் குழந்தை தேறிவிட்டது. கைக்குழந்தைகளுக்கு வரும் சிறுநீர்த் தொற்று பெரும்பாலும் காய்ச்சலைத் தவிர வேறு எந்த அடையாளமும் காட்டுவதில்லை, கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியது என்பதை நினைக்கும்போது, 'பல்லால்தான்' என்ற ஒரு சொல் எவ்வளவு பெரிய தாமதத்தை உண்டாக்கக்கூடும் என்று மனம் பதறுகிறது. பல் அங்கே உண்மையாகவே முளைத்துக்கொண்டிருந்தது. காய்ச்சலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, அவ்வளவுதான்.

எனவே நான் வைத்திருக்கும் எல்லை இதுதான். வெப்பநிலை 38 டிகிரி செல்சியஸை எட்டினால் அதைக் காய்ச்சலாகவே கொள்ள வேண்டும், பல்லின் கணக்கில் சேர்க்கக் கூடாது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அந்த அளவு வெப்பம் வந்தால் நேரம் காலம் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். நீர்த்த பேதி, திரும்பத் திரும்ப வாந்தி, பாலையே மறுத்தல், வழக்கத்தைவிடக் குறைவாகச் சிறுநீர் கழித்தல், எழுப்பினாலும் சோர்ந்து கிடத்தல், எப்படித் தேற்றினாலும் நிற்காத அழுகை ஆகிய எதுவும் பல்லின் வேலை இல்லை. காது விஷயத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. தாடை, பற்கள், காதின் ஒரு பகுதி ஆகியவற்றுக்கு உணர்வு தரும் நரம்பு ஒன்றே என்பதால் ஈறு உறுத்தும்போது குழந்தை காதைத் தேய்ப்பது உண்டு; ஆனால் காதை இழுப்பதோடு காய்ச்சலும், படுக்கவைத்ததும் வீறிட்டு அழுவதும், காதிலிருந்து நீர் வடிவதும் சேர்ந்தால் அது காதுத் தொற்றின் போக்கு. வாய்க்குள்ளேயே இன்னொரு ஏமாற்றும் நோய் இருக்கிறது. ஹெர்பிஸ் வைரஸின் முதல் தொற்று ஆறு மாதத்துக்குப் பிந்தைய குழந்தைகளுக்கு வரும்போது, ஈறு முழுவதும் சிவந்து வீங்கி, எச்சில் பெருகி, குழந்தை எதையும் விழுங்க மறுக்கும். பல் வரும்போது ஈறு ஓரிடத்தில் மட்டும் வீங்கும். இதில் ஈறு முழுவதும் வீங்கி, உதட்டிலும் நாக்கிலும் சிறு புண்கள் தோன்றி, காய்ச்சலும் இருக்கும்.

பல்லைக் குற்றம் சாட்டும் பழக்கம் மிகப் பழையது, மிகவும் விலை கொடுத்த பழக்கமும்கூட. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் காலத்திலிருந்தே காய்ச்சலையும் வலிப்பையும் பல்லோடு சேர்த்து எழுதியிருக்கிறார்கள். 1839-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 5,016 இறப்புகளுக்குப் பல் முளைத்தலே காரணம் என்று அரசுப் பதிவேட்டில் எழுதப்பட்டது. தொற்று நோய்களைப் பற்றிய அறிவு வளராத காலத்தில், இறந்த குழந்தையின் வாயில் கண்ணுக்குத் தெரிந்த மாற்றம் அது ஒன்றே என்பதால் அப்படி எழுதினார்கள். பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்ப்ருவாஸ் பாரே எடுத்துரைத்த முறைப்படி, குழந்தைகளின் ஈறைக் கத்தியால் கீறிப் பல்லுக்கு வழிவிடும் வழக்கம் அதற்குப் பிறகும் சில நூற்றாண்டுகள் நீடித்தது. பல் தானே வழி திறந்துகொள்கிறது என்பதை அறிந்த பிறகு அதைப் படிக்கவே முடியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பல் முளைக்கும் குழந்தைகளுக்காக விற்கப்பட்ட பொடிகளில் பாதரசச் சேர்மம் இருந்தது. கை கால் சிவந்து, தோல் உரிந்து, ஓயாமல் அழுத குழந்தைகளின் நோய்க்குக் காரணம் அந்தப் பாதரசமே என்பது 1940-களில் தெரியவந்து, 1950-களில் பிரிட்டனில் அப்பொடிகள் நீக்கப்பட்ட பிறகே அந்நோய் ஏறக்குறைய இல்லாமல் போனது.

இந்த வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம், இன்றும் இளம் பெற்றோரின் கவலையை நம்பி விற்கப்படும் பொருட்கள் குறையவில்லை என்பதே. ஈறை மரக்கச் செய்யும் பென்சோகெய்ன் களிம்பு, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் கெடுத்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம் என்பதால், இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு அதைப் பயன்படுத்தவே கூடாது என்று அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் அறிவித்தது. அதேபோல மரக்கச் செய்யும் லிடோகெய்ன் கரைசலுக்கு எதிராக 2014-லேயே அது எச்சரித்திருந்தது. இதயத்தையும் மூளையையும் பாதித்து வலிப்பை உண்டாக்கக்கூடிய மருந்து அது. பெல்லடோனா என்ற நச்சுச் செடியின் சாறு கலந்த பல் முளைப்பு மாத்திரைகளில் அந்த நச்சுப் பொருளின் அளவு மாத்திரைக்கு மாத்திரை மாறுபட்டதை அதே அமைப்பு 2017-இல் கண்டறிந்தது. அம்பர் என்ற கெட்டிப்பட்ட மரப்பிசினால் ஆன மணி மாலைகளும் வளையல்களும் வலியைக் குறைக்கின்றன என்பதற்கு ஆதாரம் இல்லை; 18 மாதக் குழந்தை ஒன்று பகல் தூக்கத்தில் அத்தகைய மாலை கழுத்தை இறுக்கி இறந்ததைக் குறிப்பிட்டு, 2018 டிசம்பரில் அதே அமைப்பிடமிருந்து இன்னோர் எச்சரிக்கை வந்தது. நைஜீரியாவில் 2008-ஆம் ஆண்டின் இறுதியில், பல் முளைக்கும் குழந்தைகளுக்கென விற்கப்பட்ட ஒரு மருந்து நீர்மத்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்துவிட்டதால் 80-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். சில நாட்களில் தானே தணியும் ஓர் உறுத்தலுக்காக இப்படிப்பட்ட ஆபத்தைக் குழந்தையின் வாய்க்குள் கொண்டுபோக எந்த நியாயமும் இல்லை.

செய்ய வேண்டியவை மிக எளிமையானவை. கழுவிய விரலால் வீங்கிய ஈறை ஒன்றிரண்டு நிமிடம் மிதமாக அழுத்தித் தேய்த்துவிட்டால் பல குழந்தைகள் அடங்குகிறார்கள்; உள்ளிருந்து வரும் அழுத்தத்துக்கு எதிராக வெளியிலிருந்து தரும் அழுத்தம் இதமாக இருக்கிறது. சுத்தமான ஈரத் துணியைக் குளிர்சாதனப் பெட்டியில் சிறிது நேரம் வைத்து எடுத்துக் கடிக்கக் கொடுக்கலாம். உறைபெட்டியில் வைத்துக் கல்லாக்கிக் கொடுக்கக் கூடாது, அது ஈறைப் புண்ணாக்கும். கடிக்கும் பொம்மை வாங்குவதானால், உள்ளே திரவம் நிரப்பியதைத் தவிர்த்து, ஒரே துண்டாக வார்த்த, தொண்டையில் சிக்கும் அளவுக்குச் சிறிய பாகங்கள் ஏதும் இல்லாத ரப்பர் பொருளாகப் பார்த்து வாங்க வேண்டும். அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டக் கூடாது. குழந்தை உண்மையிலேயே வலியால் தூங்க முடியாமல் தவித்தால், மருத்துவர் எடைக்கேற்பச் சொல்லும் அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம். ஆறு மாதத்துக்குட்பட்டவர்களுக்கு இபுபுரூஃபென் மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். ஆஸ்பிரின் எந்தக் குழந்தைக்கும் கூடாது. எச்சில் பட்டுச் சிவக்கும் தாடைக்கும் கழுத்து மடிப்புக்கும் மருந்தைவிட உலர்ச்சிதான் முக்கியம். தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, தூங்கும் முன் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகப் பூசினால் எச்சிலுக்கும் தோலுக்கும் இடையே ஒரு தடுப்பு கிடைக்கிறது.

தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு ஈறு உறுத்தும் நாட்கள் தனிச் சோதனையாக அமைவதுண்டு. சரியாக வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருக்கும் குழந்தையால் கடிக்க முடியாது, ஏனெனில் அதன் நாக்கு கீழ் ஈறை மூடிக்கொண்டு நிற்கிறது. பால் குடித்து முடித்து, வேகம் தணிந்து, விளையாட்டாக வாயை நகர்த்தும்போதுதான் கடி விழுகிறது. அந்த மாற்றத்தைக் கவனித்து, சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்து மென்மையாக விடுவித்துவிடலாம். பால் கொடுப்பதற்கு முன் குளிர்ந்த துணியைச் சிறிது நேரம் கடிக்க விட்டதும் எனக்குப் பெரிதும் உதவியது. பல் வந்துவிட்டதாலேயே பால் நிறுத்த வேண்டும் என்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

வரும் வரிசையைப் பொறுத்தவரை, கீழ் நடுப்பற்களுக்குப் பிறகு பெரும்பாலும் 8 முதல் 12 மாதத்துக்குள் மேல் நடுப்பற்களும், அவற்றை அடுத்துப் பக்கத்துப் பற்களும், 13 முதல் 19 மாதத்துக்குள் முதல் கடைவாய்ப்பற்களும், அதன் பின் கோரைப்பற்களும், இறுதியில் இரண்டாம் கடைவாய்ப்பற்களும் வந்து, மூன்று வயதை ஒட்டி 20 பற்களும் நிறைகின்றன. வரிசை ஒன்றிரண்டு இடங்களில் மாறிப்போவது பெரிய விஷயம் இல்லை. அரிதாக, ஏறக்குறைய இரண்டாயிரம் முதல் மூவாயிரம் பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில், குழந்தை பல்லோடே பிறக்கிறது. அது கீழ் முன்பல்லாகவே இருப்பது வழக்கம். பெரும்பாலும் அது கூடுதலான பல்லாக இருப்பதில்லை, முன்கூட்டியே வந்துவிட்ட பால் பல்தான். ஆடிக்கொண்டிருந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் அபாயம் இருந்தாலோ, நாக்கின் அடியில் உரசிப் புண்ணாக்கினாலோ, என்ன செய்வது என்பதைப் பல் மருத்துவர் முடிவுசெய்ய வேண்டும். வீட்டில் யாரும் பிடுங்கக் கூடாது.

முதல் பல் தெரிந்த அன்றே அதைத் துலக்கும் வேலையும் தொடங்குகிறது. மென்மையான சிறு பிரஷ்ஷில், ஓர் அரிசி மணியின் அளவுக்கு மட்டும் ஃபுளோரைடு கலந்த பற்பசை தடவி, நாளுக்கு இரண்டு முறை துலக்கினால் போதும். பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்கவிடுவதை அன்றிலிருந்து நிறுத்த வேண்டும், ஏனெனில் இரவில் உமிழ்நீர் குறைந்துவிடும் நேரத்தில் பல்லைச் சுற்றித் தேங்கும் பால் மேல் முன்பற்களை மிக விரைவாகச் சொத்தையாக்கும். முதல் பிறந்த நாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

பல் தாமதமாக வருவதும் வீட்டில் ஒரு கவலைப் பேச்சாகவே இருக்கிறது. பெற்றோரில் ஒருவருக்குத் தாமதமாக வந்திருந்தால் குழந்தைக்கும் அப்படியே வருவது சாதாரணம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, பிறந்த நாளிலிருந்து கணக்கிடாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கிட்டால் பெரும்பாலும் பொருந்திவிடும். ஓராண்டு நிறைந்தும் பல் வரவில்லை என்றால் அந்த முதல் பல் மருத்துவச் சந்திப்பிலேயே அதைச் சொல்லலாம். 18 மாதமாகியும் ஒரு பல்கூட வரவில்லை என்றால், தைராய்டு சுரப்பு குறைவாக இருப்பது, வைட்டமின் டி போதாமல் வரும் எலும்பு நோய், சில பிறவிக் குறைபாடுகள் ஆகியவற்றில் ஏதேனும் பின்னால் இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். குழந்தையின் உயரம், எடை, தலைமுடி, தோல் ஆகியவற்றில் நீங்கள் கவனித்த வேறுபாடுகளையும் அப்போது சேர்த்துச் சொன்னால், எதைச் சோதிப்பது என்று அவர் தீர்மானிக்க அது உதவும்.